கச்சேரிப் படியேறிய தாய்மார்

கல்லடியிலோ நொச்சிமுனையிலோ நாவற்குடாவிலோ ஒரு பழைய வீட்டைக் காட்டி, இது யாருடையது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு பெண்ணின் பெயர்தான் பதிலாக வரும். அவளுடைய அம்மா கொடுத்தது. அதற்கு முன் அம்மம்மா இருந்தது. மூத்த மகளுக்குக் கல்யாணம் என்றால் இருக்கிற வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, பெற்றோர் மற்றப் பிள்ளைகளோடு அதே வளவிலோ பக்கத்துக் காணியிலோ இன்னொரு வீடு கட்டிக்கொண்டு போவார்கள். அடுத்தவளுக்கு அந்த வீடு. கடைசியில், முதுமையில், இளைய மகளின் வீட்டில் தங்குவார்கள். மருமகன்தான் வீடு மாறி வருவான்; மகள் போவதில்லை.

மட்டக்களப்பு வாவிக் கரையில் முதுமைக்கு இருந்த ஏற்பாடு இதுதான். ஓய்வூதியமும் முதியோர் இல்லமும் வருவதற்கு முன், வயதான ஒரு பெண்ணின் பாதுகாப்பு அவள் பெற்று வளர்த்த பெண்பிள்ளைகளிலும் அவர்களுக்கு அவள் கொடுத்த வீட்டிலும் இருந்தது. இந்தக் கரையின் மூத்த பெண்கள் கடந்த 40 ஆண்டுகளில் இராணுவ முகாம் வாசலிலும் கச்சேரி எனும் மாவட்டச் செயலகத்திலும் ஆணைக்குழுக்களின் முன்னும் ஏன் நின்றார்கள் என்பதை விளங்கிக்கொள்ள இந்த வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இங்கே குடி தாய்வழியில் வருகிறது. தாயின் குடிதான் பிள்ளையின் குடி. ஒரே தாய் வயிற்றின் வழி வந்தவர்களை வயிற்றுவார் என்பார்கள். தமிழரிடம் மட்டுமல்ல, கல்லடிக்குத் தெற்கே காத்தான்குடி தொடங்கி அக்கரைப்பற்று வரை முஸ்லிம்களிடமும் வீட்டைப் பெண்ணுக்குக் கொடுக்கும் வழக்கம் உறுதியாக இருக்கிறது. 1969இல் அக்கரைப்பற்றில் களஆய்வு தொடங்கிய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதைப் பல பதிற்றாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து எழுதினார். அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1876இல், கிறிஸ்தோபர் பிரிட்டோ மட்டக்களப்பு முக்குவர் சமூகத்தின் வழமையான முக்குவர் சட்டத்தைத் தொகுத்து நூலாக்கியிருந்தார். குடும்பத்தின் முதுசம் பெண்வழியில், சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் முறை அந்தச் சட்டத்தில் இருந்தது.

அதே 1876இல் பிரித்தானிய அரசு கொண்டுவந்த 15ஆம் இலக்கத் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் முக்குவர் சட்டத்தை வழக்கிழக்கச் செய்தது. யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமை தப்பியது, கண்டியருக்குக் கண்டிச் சட்டம் தப்பியது. மட்டக்களப்பாரின் வழமைக்கு நீதிமன்றத்தில் இடமில்லாமற் போனது. ஆனாலும் சீதன வீடு நின்றது. சட்டம் கைவிட்டதைச் சனங்கள் கல்யாண உறுதியில் காப்பாற்றிக்கொண்டார்கள்.

1935இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. அரச காணிக்கு அனுமதிப்பத்திரம் பெற்றவர் வாரிசை நியமிக்காமல் இறந்தால் யாருக்குப் போகும் என்பதை அதன் மூன்றாம் அட்டவணை வரிசைப்படுத்தியது. ஒவ்வொரு படியிலும் ஆண் முன்னால், பெண் பின்னால். அதிலும் மூத்தவனுக்கு முதலிடம். பெண்ணுக்கு வீடு கொடுக்கும் ஒரு சமூகத்தின் தலையில், மகனுக்குக் காணி கொடுக்கும் விதியை அரசு கொண்டுவந்து இறக்கியது. இந்தப் பாகுபாடு நீக்கப்பட்டது 2022இல்தான். இடையில் 87 ஆண்டுகள்.

இதையெல்லாம் வைத்துக் கிழக்கைப் பெண்ணரசு நடக்கும் இடமாக நினைத்துவிடவும் கூடாது. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கராக இருப்பவர் ஆண். ஊர்க் கூட்டத்தில் பேசுபவரும் ஆண். கிழக்கின் பெண் தலைமைக் குடும்பங்களை ஆராய்ந்து 2006இல் நூல் எழுதிய கஞ்சனா ருவன்புர, சொத்து தாய்வழியில் வந்தாலும் அதிகாரம் அவ்வழியே வந்துவிடுவதில்லை என்று காட்டினார். வீடு பெண்ணின் பெயரில் இருந்தது. ஊரின் முடிவு அவள் கையில் இருக்கவில்லை. போர் வந்து ஆண்கள் வெளியே தலைகாட்ட முடியாத நிலை ஏற்பட்டபோதுதான் வீட்டுக்காரிகள் வீதிக்கு வந்தார்கள்.

கல்லடியிலிருந்து நகரத்துக்குப் போகப் பாலத்தைக் கடக்க வேண்டும். ஆளுநர் வில்லியம் மானிங்கின் மனைவி பெயரைத் தாங்கி 1924 முதல் நிற்கும் இரும்புப் பாலம் அது. 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் திறக்கும் வரை தெற்கேயிருந்து வரும் பஸ்ஸும் மாட்டுவண்டியும் மனிதரும் அதன் மேல்தான் வந்தார்கள். அதைத் தாண்டி நகரத்துக்குள் போனால் புளியந்தீவு, அங்கே ஒல்லாந்தர் கோட்டைக்குள் அன்றைய கச்சேரி. 1980களில் ரவுண்டப் எனும் சுற்றிவளைப்பில் பிடிபட்ட பிள்ளைகளைத் தேடி அந்தப் பாலத்தை நடந்து கடந்தவர்கள் பெரும்பாலும் 40, 50 வயதைத் தாண்டிய பெண்கள். இளம் பெண்ணை அனுப்பப் பயம். ஆணை அனுப்பினால் அவனையும் பிடித்து வைத்துக்கொள்வார்கள். நரைத்த தலையும் வெள்ளைச் சேலையும் சோதனைச் சாவடியில் கொஞ்சம் வழிவிட வைத்தன. எப்போதும் அல்ல, ஆனால் வேறு யாருக்கும் அந்தக் கொஞ்சமும் கிடைக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் 1984இல் அன்னையர் முன்னணி தோன்றி, நூற்றுக்கணக்கான இளைஞர்களை ஒரேயடியாகப் பிடித்துச் சென்றதை எதிர்த்துக் கச்சேரிக்கு ஊர்வலம் போனது. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1977 ஏப்ரல் 30ஆம் திகதி, ஆர்ஜன்டினாவின் தலைநகரில் பிளாசா டி மாயோ சதுக்கத்தில் ஒரு சில தாய்மார் இதே கேள்வியோடு கூடியிருந்தார்கள். இரு நாட்டுத் தாய்மாரும் ஒரே வழியைக் கண்டடைந்தார்கள்: பிள்ளை எங்கே என்று பகிரங்கமாக, கூட்டமாக, திரும்பத் திரும்பக் கேட்பது.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் அன்னையர் முன்னணி நாடறிந்தது 1988இல். முந்திய ஆண்டு ஒக்டோபரில் இந்திய அமைதிப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டிருந்தது. உடனே போரை நிறுத்த வேண்டும், புலிகளோடு பேச வேண்டும் என்ற இரண்டே கோரிக்கைகளோடு தாய்மார் மாமாங்கப் பிள்ளையார் கோயிலடியில் உண்ணாநோன்பு தொடங்கினார்கள். பெப்ரவரி 16ஆம் திகதி முதலில் அமர்ந்தவர் அன்னம்மா டேவிட். பிள்ளையார் கோயில் முன்றலில் ஒரு கிறிஸ்தவப் பெயருடைய தாய் நோன்பிருந்தார் என்பது அன்றைய மட்டக்களப்பைப் பற்றிச் சொல்லும் செய்தி சிறியதல்ல. அவரைப் படையினர் அங்கிருந்து தூக்கிச் சென்றார்கள். மார்ச் 19ஆம் திகதி அந்த இடத்தில் கணபதிப்பிள்ளை பூபதி அமர்ந்தார். 1932 நவம்பரில் பிறந்தவர், பத்துப் பிள்ளைகளின் தாய், மகன்மாரை இழந்தவர். நினைவு தப்பினாலும் தன்னை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டு இருந்தார். ஏப்ரல் 19ஆம் திகதி இறந்தார். வயது 55. அவரது நினைவிடம் கல்லடியை அடுத்த நாவலடியில் இருக்கிறது.

அவருடைய பெயர் பின்னர் விடுதலைப் புலிகளின் நினைவு நாட்காட்டியில் ஏறியது. ஆனால் அந்த முன்னணியில் இருந்த மற்றத் தாய்மார் யார், அவர்கள் தங்களுக்குள் என்ன பேசினார்கள், எந்தத் தரப்பு எவ்வளவு தூரம் அவர்களை நடக்க விட்டது என்பவை போதுமான அளவு எழுதப்படவில்லை. ஒரு தாயைத் தெய்வமாக்கியதில் ஓர் அமைப்பின் வரலாறு மங்கிவிட்டது. யாழ்ப்பாணத்து முன்னணிக்கும் இதுதான் நடந்தது. அது தன் சுயாதீனத்தை எப்படி இழந்தது என்பதை ‘முறிந்த பனை’ நூலில் பெண்களைப் பற்றி எழுதிய ராஜினி திராணகம அப்போதே சுட்டிக்காட்டினார்.

1990ஐ மட்டக்களப்பில் யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஆண்டின் எண்ணே போதும். ஜூனில் போர் மறுபடி தொடங்கியது. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் கொன்றார்கள். செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேரை இராணுவம் பிடித்துச் சென்றது, அவர்கள் திரும்பவில்லை. நான்கு நாள் கழித்துச் சத்துருக்கொண்டானிலும் சுற்றுக் கிராமங்களிலும் பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் பிள்ளையையோ கணவனையோ தேடாத தெரு இல்லை என்ற நிலை.

முறைப்பாடு எழுதப் பயந்த அந்த ஆண்டுகளில் தாய்மார் அம்மன் கோயில்களுக்குப் போனார்கள். தெய்வம் ஏறியவர்களிடம் வாக்குக் கேட்டார்கள். உயிரோடிருக்கிறானா, எந்தத் திசையில் இருக்கிறான், வருவானா. பற்றீசியா லோரன்ஸ் என்ற ஆய்வாளர் 1990களில் மட்டக்களப்பில் தங்கி இதைப் பதிவு செய்தார். வாய் திறக்க முடியாத ஊரில், காணாமற்போனவனின் பெயரை நாலு பேர் முன்னிலையில் உரத்துச் சொல்லி அழ அனுமதித்த ஒரே பொது இடம் கோயில் வாசலாக இருந்தது. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்கள், அந்த நாட்களில் வேறு எந்த அலுவலகம் அவர்களுக்குக் கதவு திறந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

கதவுகள் பின்னர் திறந்தன, ஒன்றன்பின் ஒன்றாக. 1994 இறுதியில் காணாமற்போனோர் பற்றி விசாரிக்க ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க அமைத்த மூன்று வலய ஆணைக்குழுக்களில் வடக்கு கிழக்குக்குரியது பாலகிட்ணர் தலைமையில் அமர்ந்தது. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு மட்டக்களப்புக்கு வந்தது. 2014இல் பரணகம ஆணைக்குழு வந்தது. ஒவ்வொன்றிலும் அதே தாய், அதே புகைப்படம், அதே கதை. முதல் ஆணைக்குழுவில் 50 வயதில் பேசியவர் மூன்றாவதில் 70 வயதில் பேசினார். நிருவாக மொழியில் இதற்குச் சாட்சியம் என்று பெயர். அந்தப் பெண்ணுக்கு அது 20 ஆண்டு உழைப்பு.

இந்தத் தனித்தனிப் போராட்டங்களுக்குப் பக்கத்தில் ஒரு நிலையமும் வளர்ந்தது. போரால் கொழும்புக்கு இடம்பெயர்ந்த பெண்களுக்காக 1991இல் தொடங்கி, 1993இல் மட்டக்களப்புக்கு வந்தது சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம். சட்ட உதவி, நாடகம், பாட்டு, ‘பெண்’ என்ற சஞ்சிகை என்று அது வேலை செய்தது. அதன் பின்னால் நின்றவர்களில் ஒருவர், ஈழத்துத் தமிழ்ப் பெண்களின் கவிதைகளை ‘சொல்லாத சேதிகள்’ என்று 1986இல் தொகுத்த சித்திரலேகா மௌனகுரு. தாய் என்ற அடையாளத்தில் மட்டும் பேசிவந்த பெண்களுக்கு, குடிமகள் என்ற இன்னொரு தகுதியும் உண்டு என்பதைச் சூரியா போன்ற இடங்கள் பழக்கின. இதன் பலன் தெரிந்தது சுனாமிக்குப் பிறகு.

2004 டிசம்பர் 26, காலை ஒன்பது மணிக்குக் கிட்ட. கல்லடி ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலுமாக நடுவில் கிடக்கும் ஒடுங்கிய மணற்கரை. அதன் வடமுனையில் நாவலடி. அலை வந்தபோது ஓடுவதற்குத் திசையே இருக்கவில்லை. முன்னால் கடல், பின்னால் ஆழமான வாவி. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் சாய்ந்து நின்றதை நாடு முழுவதும் படத்தில் பார்த்தது. யார் அதிகம் செத்தார்கள் என்று பக்கத்து அம்பாறை மாவட்ட முகாம்களில் நடத்திய ஆய்வு ஒன்று தெளிவாகச் சொன்னது: பெண்கள், குழந்தைகள், முதியோர். ஓட முடியாதவர்களும், ஓட முடியாதவர்களை விட்டு ஓடாதவர்களும்.

அலைக்குப் பின் அரசு ஓர் எல்லை போட்டது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர்; அதற்குள் வீடு கட்டக்கூடாது. ஒடுங்கிய கரையில் 200 மீற்றரை வெட்டினால் மிச்சம் என்ன இருக்கும்? எல்லை பிறகு தளர்ந்தாலும், நாவலடி, கல்லடிச் சனங்களில் பலர் நகருக்கு வடக்கே திராய்மடுவில் கட்டிய புது வீடுகளுக்குப் போக நேர்ந்தது. அந்த வீடுகளைக் கொடுக்கும்போது படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: குடும்பத் தலைவர் பெயர். அதில் ஆணின் பெயர் எழுதப்பட்டது.

இழப்பின் அளவை அதிகாரிகள் உணரவில்லை. அலை கொண்டுபோனது பெரும்பாலும் பெண்களின் சீதன வீடு. அரசு திருப்பித் தந்தது கணவனின் பெயரில். மனைவி செத்த வீட்டில் மருமகன் மறுமணம் செய்தால், மகளுக்குக் கொடுத்த வீட்டுக்கு ஈடாக வந்த வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் அம்மம்மாவுக்கு எந்த உரிமையும் இல்லை. கல்யாணமாகாத மகளுக்குக் கொடுக்க இரண்டாம் வீடு இருந்த குடும்பத்துக்கும் ஒரே வீடுதான். முகாமில் இந்தக் கணக்கை முதலில் போட்டவர்கள் வயதான பெண்கள். யாருக்கு எந்த வளவு, எந்த மகளுக்கு எது சொல்லி வைத்தது என்ற விபரமெல்லாம் அவர்களிடம் இருந்தது. உறுதிகள் கடலோடு போன பின், அவர்களின் ஞாபகம்தான் காணிப் பதிவேடு.

2005 தொடக்கத்திலேயே மட்டக்களப்பின் பெண்கள் அமைப்புகள் சேர்ந்து அனர்த்த முகாமைத்துவத்துக்கான பெண்கள் கூட்டமைப்பை உருவாக்கின. முகாம்களில் பெண்கள்மீது நடந்த வன்முறையைப் பதிவு செய்தன. மலசலகூடத்துக்கு வெளிச்சம் கேட்டன. வீட்டைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதவேண்டும் என்று அரச அதிகாரிகளோடு வாதாடின. அரச காணி அளிப்பை இருவர் பெயரில் கூட்டாகக் கொடுக்கும் வழக்கம் இல்லை என்ற பதில் வந்தது. சில உதவி நிறுவனங்களும் சில அதிகாரிகளும் இணங்கினார்கள், பலர் இணங்கவில்லை. முழு வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் குடும்பத் தலைவர் என்றால் ஆண்தானா என்ற கேள்வியை நாட்டின் கொள்கைப் பேச்சுக்குள் கொண்டுவந்து போட்டதில் மட்டக்களப்புப் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 2022இல் காணிச் சட்டம் திருத்தப்பட்டபோது இவர்களை யாரும் மேடைக்கு அழைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

போர் 2009இல் முடிந்தது, தேடல் முடியவில்லை. 2016இல் காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில், மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறவும் வழி பிறந்தது. இது சின்ன விடயமாகத் தெரியலாம். ஆனால் அதுவரை, வங்கிக் கணக்கைத் தொட, காணியை மாற்ற, கொடுப்பனவு பெற, தன் பிள்ளை செத்துவிட்டான் என்று தாயே கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. மாட்டேன் என்று சொன்ன தாய்மாரின் பிடிவாதம்தான் இந்தச் சான்றிதழை உண்டாக்கியது. சட்டத்தை வரைந்தவர்கள் கொழும்பில் இருந்தார்கள். அதற்கான காரணம் வாசற்படிகளில் காத்திருந்தது. அந்த நாட்களில் நாடெங்கும் மக்கள் கருத்தைக் கேட்ட கலந்தாலோசனைச் செயலணியில் சித்திரலேகாவும் ஓர் உறுப்பினர். அதன் அறிக்கை 2017 ஜனவரியில் வெளிவந்தது.

காணாமற்போனோர் அலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கி, குடும்பங்களுக்கு மாதம் 6,000 ரூபா இடைக்கால நிவாரணம் பரிந்துரைத்தது. பின்னர் 2022இல் ஒரு இலட்சம் ரூபா ஒருமுறைக் கொடுப்பனவு என்று அமைச்சரவை முடிவெடுத்தது. வடக்கு கிழக்கின் தாய்மார் சங்கங்கள் அதை மறுத்தன. பணத்தை வாங்கினால் கேள்வி முடிந்துவிடும் என்று அஞ்சினார்கள். மருந்துக்குக் காசில்லாத வயதில் ஒரு இலட்சத்தை வேண்டாம் என்று சொல்வது எளிதல்ல. அதே 2022இல், விலைவாசி எல்லோரையும் நசுக்கியபோது, மட்டக்களப்புப் பெண்கள் நீதிக்கான நடைபயணம் என்று பெயரிட்டு நகர வீதிகளில் பாடிக்கொண்டு நடந்தார்கள். அதில் நரைத்தவர்களும் இருந்தார்கள்.

இந்தத் தாய்மாருக்கும் வயதாகிவிட்டது; இனி முதியோர் கொள்கையைப் பார்ப்போம். இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க வந்தது. தேசிய முதியோர் சபை, செயலகம், ஊர்தோறும் முதியோர் சங்கங்கள், 60 வயதானவருக்கு அடையாள அட்டை எல்லாம் அதன் வழியே வந்தவை. பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். கைவிட்டால் பராமரிப்புச் சபையில் முறையிடலாம். சபை பிள்ளைகளிடமிருந்து வாங்கித் தரும். நல்ல சட்டம். ஆனால் அதை எழுதியவர்களின் மனதில் இருந்தது பிள்ளைகள் உயிரோடு, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் முதியவர். 1990இல் மகனைப் பறிகொடுத்து, 2004இல் மகளையும் அவளுக்குக் கொடுத்த வீட்டையும் இழந்த ஒரு கல்லடித் தாய் யார்மீது முறையிடுவாள்? இளைய மகளின் வீட்டில் முதுமையைக் கழிக்கும் பழைய வழமையும் அவளுக்கு இல்லை, பிள்ளையிடம் பராமரிப்புக் கேட்கும் புதிய சட்டமும் அவளுக்கு இல்லை.

மிஞ்சுவது கொடுப்பனவு. வறிய குடும்பங்களில் 70 வயதைக் கடந்தவர்களுக்கு மாதம் 2,000 ரூபாவாகப் பல ஆண்டுகள் கிடந்தது, 2024இல் 3,000 ஆகி, 2025இல் 5,000 ஆனது. இதை வாங்க வறுமையை நிரூபிக்க வேண்டும். ஊர் வழக்கில் அரசின் மாதாந்த உதவிக்குப் பிச்சைச் சம்பளம் என்ற பெயர் நெடுங்காலமாக உண்டு. உரிமை கேட்டு வாழ்நாளைக் கழித்த பெண்களின் கையில் வருவது இந்தப் பெயருள்ள காசு. முதியோர் சங்கக் கூட்டங்களில் யோகாசனம், மருத்துவ முகாம், சுற்றுலா பற்றிப் பேசுகிறார்கள், அவையும் வேண்டும். காணாமற்போனோர் சங்கத் தாய்மாரின் வழக்கு அங்கே பேசப்படுவதில்லை. அது அரசியல் என்று வேறு மேசைக்குத் தள்ளப்படுகிறது. இரண்டு மேசைகளுக்கும் வருபவர் ஒரே பெண்.

1990இல் 45 வயதாக இருந்த தாய்க்கு 2025இல் 80 வயது. வடக்கிலும் கிழக்கிலும் இந்தத் தேடலில் இருந்த பெற்றோர் பலர், பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். ஓகஸ்ட் 30ஆம் திகதி, சர்வதேசக் காணாமற்போனோர் தினத்தில், படங்களோடு வருபவர்களின் தொகை ஒவ்வோர் ஆண்டும் குறைகிறது.

காணாமற்போனவரின் தாய்க்கு, மரணச் சான்றிதழ் கேட்காமல், வறுமையை நிரூபிக்கச் சொல்லாமல், வழக்கைக் கைவிடும் நிபந்தனை வைக்காமல், ஆயுள்வரை மாதாந்த ஓய்வூதியம் கொடுக்க அரசு முடிவெடுக்க வேண்டும். திராய்மடுவிலும் மற்ற மீள்குடியேற்றங்களிலும் பெண்களின் பெயர் விடுபட்ட வீட்டு உறுதிகளைத் திரும்ப எழுத வேண்டும். இதற்கு இன்னொரு ஆணைக்குழு தேவையில்லை. பாலகிட்ணர் காலம் முதல் இந்தப் பெண்கள் சொன்னவை எல்லாம் கோப்புகளில் இருக்கின்றன. சொன்னவர்கள் இருக்கும்போதே அந்தக் கோப்புகளைத் திறந்து பதில் சொல்லுங்கள்.